ஐந்தில் ஒரு பங்கு கூந்தல்

என் மாமியார் கெங்கம்மாள் என் தலைமுடியை மயிலம் முருகனுக்கு நேர்ந்துவிட்டது திண்டிவனத்தில், ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில், நான் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

முடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. இடுப்பைத் தாண்டித் தொங்கும். நேரு வீதியில் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். போர்டில் பானுப்ரியா என்ற என் பெயரைவிட என் பின்னலைத்தான் பெரியதாக வரைந்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பின்னால் சுற்றி வந்து பின்னலைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகூர்த்தத் தேதியைச் சொல்வார்கள். கோர்ஸ் முடித்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இன்றுவரை ஒருத்தியும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

கழுத்தில் இருந்த கட்டியும் அந்தப் பார்லரில்தான் கண்ணில் பட்டது. ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திவிட்டு அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். கண்ணாடியில் என் தொண்டையின் வலது பக்கம் ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. இன்னொரு மடக்குக் குடித்தேன். மறுபடியும் போய் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு அளவு சரியாகவே இருந்தது. கட்டியை மட்டும் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேனுக்குத் துணையாக வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தை. இன்னொருவன் என் கொழுந்தன் தென்னரசு. புதுச்சேரியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. பெட்டிக்குள் கையை விட்டு அங்கங்கே சில மூடிகளை எடுத்துப் பார்த்து, அந்தப் பெட்டி தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் அவனை விடாது. இட்லி கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் ரிஜெக்ட் என்பான்.

ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்ததும் அவன்தான்.

"டைராட்ஸ் நாலுன்னு போட்டுக்கிறாங்க அண்ணி."

"எத்தினிக்குடா நாலு?" என்றார் அத்தை.

"அஞ்சுக்கு."

"அஞ்சு நல்லதா கெட்டதா?"

"அஞ்சுதாம்மா ரொம்ப மோசம்."

அவ்வளவுதான். அத்தை சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். வேண்டுதல் காசை முடிந்து வைக்க மஞ்சள் துணி வேண்டும். அன்றைக்கென்று நான் மஞ்சள் துப்பட்டா போட்டிருந்தேன். அதன் நுனியைப் பிடித்து இழுத்துக் காசை வைத்து முடிச்சுப் போட்டார். தெற்கே பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா, எம் மருமவளுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா அவ தலமுடிய மொத்தமா உங்கிட்ட எறக்கிட்றேன்."

"என் முடியையா?"

"பின்ன என் முடியையா? சாமிக்குக் குடுக்கறத மதிப்பா குடுக்க வேணாமா?"

ஆட்டோவில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். கேன்சர் என்று வந்தால் உயிருக்கு ஆபத்து, இல்லை என்று வந்தால் முடிக்கு ஆபத்து. எது வந்தாலும் என் தலைக்குத்தான் வருகிறது. பயமாகவும் இருந்தது, அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது. கேன்சர் பயத்தில் ஆட்டோவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தவள் திண்டிவனத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவார். சோறு போடு என்பதைக்கூடத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். அன்றைக்கு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். வாயைத் திறக்கவில்லை. நாலு என்ற எண்ணைவிட அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

விழுப்புரத்தில் டாக்டர் நாசியா என்று ஒருவர் இருந்தார், கோட்டக்குப்பத்துக்காரர். ஊசி டெஸ்ட்டுக்கு அவரிடம்தான் போகச் சொன்னார்கள். அதற்கும் அத்தையும் தென்னரசும்தான் துணை. பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அத்தை ஜன்னல் வழியாக மயிலம் பக்கம் திரும்பிக் கும்பிட்டார், அப்படியே என் பின்னலையும் ஒரு பார்வை பார்த்தார். ஆடு வாங்க வந்தவர் ஆட்டைப் பார்க்கிற பார்வை. நான் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டேன்.

டாக்டர் ஸ்கேனை நிதானமாகப் பார்த்தார். அவர் பேசுவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"நாலாவது ஸ்டேஜுங்களா டாக்டரு?"

"ஸ்டேஜே இல்லம்மா. கேன்சர்னு முடிவானப்பறம் சொல்றதுதான் ஸ்டேஜு. இது அதுக்கு முன்னாடி. கட்டி பாக்கறதுக்கு எப்படி இருக்குதுன்னு பாயிண்ட் போடறோம். கெட்டியா இருந்தா ரெண்டு பாயிண்ட். சுத்தி இருக்கறதவிடக் கொஞ்சம் கருப்பாத் தெரிஞ்சா ரெண்டு. இவங்களுக்கு அந்த நாலு பாயிண்ட் மட்டும்தான். ஓரம் வழவழன்னு இருக்குது. அகலத்தவிட உயரம் அதிகம் இல்ல. சின்னச் சின்ன வெள்ளப் புள்ளியும் இல்ல. அதெல்லாம் இருந்திருந்தா பாயிண்ட் ஏறி அஞ்சாவது வகைக்குப் போயிருக்கும்."

"அப்ப கேன்சரு இருக்குதா, இல்லியா?"

"இந்த மாதிரிக் கட்டி இருக்கறவங்க நூறு பேர வரிசையா நிக்க வெச்சா, அஞ்சு பேர்ல இருந்து இருபது பேருக்குள்ள கேன்சர் இருக்கலாம். மிச்சம் எண்பது, தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் தைராய்டுல வர்றது பெரும்பாலும் மெதுவா வளர்றதுதான், நல்லா வைத்தியம் இருக்குது."

"இவ அந்த இருபதுல இருக்கறாளா, எண்பதுல இருக்கறாளா?"

"அத ஸ்கேன் சொல்லாதும்மா. கட்டி ஒண்ணரை சென்டிமீட்டரத் தாண்டிடுச்சு, அதனால ஊசி போட்டு எடுத்துப் பாத்துடலாம். ஊசி சொல்லும்."

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்களா இருந்தா இதுக்கு எவ்ளோ நேந்துக்குவீங்க டாக்டரு?"

நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் சிரிக்காமல்தான் பதில் சொன்னார். "எங்க வீட்ல நோன்பு வெப்போம்மா. ஆனா மொதல்ல ஊசியப் போட்ருவோம்."

ஊசி நான் பயந்த அளவுக்கு இல்லை. எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன், வலித்தது, ஆனால் புருவம் திருத்திக்கொள்ள வருகிற பெண்கள் போடுகிற கூச்சலை நான் போடவில்லை. ஒரே இடத்தில் எடுத்தால் நம்ப முடியாது என்று ஸ்கேனைப் பார்த்தபடியே கட்டிக்குள் அங்கங்கே குத்தி எடுத்தார். வெளியே வந்து தென்னரசுவிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்துபோனது. தன் கம்பெனியில் தான் செய்கிற வேலையையே ஒரு டாக்டர் செய்கிறார் என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றிருந்தபோது, பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான்.

"யம்மா, நீ அதிகமா நேந்துக்கினுகிற."

"இன்னாடா ஒளர்ற?"

"டாக்டரு இன்னா சொன்னாங்க? மிஞ்சி மிஞ்சிப் போனா நூத்துக்கு இருபது. ஆபத்து இருபதுன்னா நேத்திக்கடனும் இருபதுதான இருக்கணும்? நீ நூறு நேந்துக்கினுகிற. மொட்டைன்னா நூறு. ஒரு லோடுல இருபது மூடி போச்சுன்னா மொத்த லோடையுமா கொளுத்துவாங்க?"

இவனைப் பெற்ற வயிற்றுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமிகிட்டப் போயி பேரம் பேசச் சொல்றியா?"

"பேரம் இல்லம்மா. கணக்கு."

"கேளுங்க அத்த," என்று நானும் சேர்ந்துகொண்டேன். "அஞ்சாவது வகையா இருந்தா நானே மொட்ட போட்டுக்கறேன்னு சொல்லியிருப்பேன். நாலாவது வகைக்கு மொட்டன்னா, அஞ்சுக்கு இன்னாத்த எறக்கறது?"

அந்தக் கேள்வி அத்தையை அசைத்துவிட்டது. கூட்டேரிப்பட்டு வந்தபோது இந்தத் தடவை அவர் என் பின்னலைப் பார்க்கவில்லை. விரலை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தென்னரசு இரும்பு டேப்பை எடுத்து என் முடியை அளந்தான். நாற்பது அங்குலம். அதில் ஐந்தில் ஒரு பங்கு எட்டு அங்குலம். சாமியைக் கேட்காமல் குறைக்க முடியாது என்று அத்தை சொல்லிவிட்டார். காகிதத்தில் ஒரு சிவப்புப் பூவையும் இன்னொரு காகிதத்தில் ஒரு வெள்ளைப் பூவையும் மடித்து, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டார். வெள்ளை வந்தால் எட்டு அங்குலத்துக்குச் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் மொட்டை. எடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரரை. ஒன்றை எடுத்தார். பிரித்தார், வெள்ளை. தென்னரசு இன்னும் ரெண்டு வாட்டி எடுத்துப் பார்த்தால்தான் நம்பலாம் என்றான். ஜல்தி எழுந்து போடா, சாமியையே சந்தேகப்படுவியா என்று அத்தை அவனை விரட்டினார்.

நான் அன்றைக்கு ஜெயித்த மாதிரி குதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ரிசல்ட் வரும்வரை இருந்த நாட்கள் அப்படி இல்லை. எண்பது பேருக்கு ஒன்றும் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது. பார்லரில் தனியாக உட்கார்ந்தால் அந்த நிம்மதி ஓடிப்போய்விடும். நூறு பெண்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி மனசில் வரும். வரிசை வரிசையாக இலை போட்டிருக்கும். கடைசி வரிசையில் இருபது பேர். நான் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடுவேன். எத்தனை தடவை தேடினாலும் என்னை மட்டும் காணவில்லை. அஞ்சுக்கும் இருபதுக்கும் நடுவே நூறு பேர் நிற்கலாம், ஒருத்தி எப்படி நிற்பாள்? ஒன்று அந்தப் பக்கம் முழுசாக இருப்பாள், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுசாக இருப்பாள். எனக்குச் சாவதற்குப் பயமாக இருந்தது. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் அங்குலக் கணக்கில் இருந்தார்கள், நானும் அதிலேயே விளையாடிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று என் வீட்டுக்காரருக்கு ஒரு காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கட்டுகிற வேலை. ஒத்துக்கொண்ட வேலையை விட முடியாமல் அவர் நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேர் போனோம். டாக்டர் காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார்.

"பெத்தஸ்டா ரெண்டு. கேன்சர் இல்லம்மா."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தைக்கு அந்த எண் மட்டும்தான் காதில் விழுந்தது.

"இது எத்தினிக்கு ரெண்டு?"

"ஆறுக்கு. ஆனா இது ஸ்கேன் கணக்கு இல்லம்மா, ஊசில வந்தத மைக்ராஸ்கோப்ல பாத்துப் போடற கணக்கு. ரெண்டுன்னா சாதாரணக் கட்டி. நூத்துக்கு மூணுக்குள்ளதான் தப்பாப் போறதுக்கு வாய்ப்பு. ஆபரேஷன் வேணாம், கட்டி அதுபாட்டுக்கு இருக்கட்டும். அடுத்த வருஷம் ஒரு ஸ்கேன் பண்ணிப் பெருசாயிருக்கான்னு பாத்துக்கலாம்."

வெளியே வந்து முதலில் என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன்.

"என்னங்க, கேன்சர் இல்லியாம்."

"என்னா?"

"கேன்சர் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"எம் பொண்டாட்டிக்குக் கேன்சர் இல்ல," என்றார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை எங்கோ தூரத்திலிருந்து, பெரிய குரலில். அப்புறம்தான் புரிந்தது, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஆன் பண்ணின மைக்கும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். காதுகுத்து வீட்டுப் பந்தல், அந்தத் தெரு, பக்கத்துத் தெரு எல்லாவற்றுக்கும் சேதி போய்விட்டது. அதன் பிறகு அவர் அழுதார். அதுவும் ஸ்பீக்கரில் வந்தது. பின்னால் பெண்கள் குலவையிட்டது எனக்குப் போனில் கேட்டது. அது குழந்தையின் காதுக்கா என் கழுத்துக்கா என்று இன்றுவரை தெரியாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டோரத்தில் நின்று சிரித்தேன், கரும்பு ஜூஸ் குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். பஸ்ஸில் ஏறியதும் தென்னரசு ஆரம்பித்தான்.

"யம்மா, இப்ப நூத்துக்கு மூணுதான். எட்டு அங்குலம் ரொம்ப அதிகம். ஒண்ணேகால் அங்குலம் வந்தாலே போதும்."

"பேஜாருடா உன்னோட. சாமி இன்னா நெனைக்கும்?"

"சாமிக்கும் கணக்குத் தெரியும்."

அத்தை மறுபடியும் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சரி, நுனிய மட்டும் வெட்டிப் பூமுடியா குடுத்துடலாம். மூணு விரக்கடை. இன்னிக்கே எறங்கி முடிச்சிடலாம், நாள் கடத்துனா இவன் அதையும் கொறைச்சிடுவான்."

கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தோம். மைக்கை அந்தக் குழந்தையின் தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டு பைக்கில் பறந்து வந்து சேர்ந்துவிட்டார். கண் சிவந்திருந்தது, பல் எல்லாம் தெரிந்தது. என்னை நிற்க வைத்துக் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கழுத்தைப் பார்த்தார்.

முடி எடுக்கிற இடத்தில் நான் பலகையில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டதும் முடி தரையில் வந்து விழுந்தது. பக்கத்தில் மொட்டை அடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி அதைப் பார்த்தார். முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்டார்.

"பூமுடியா, மொட்டையாம்மா?"

"மொட்டை," என்றேன்.

சொன்னது நான்தான். யோசித்துச் சொன்னேனா என்றால் இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இத்தனை நாளாக எனக்காக நான் சண்டை போட்ட கணக்கு எல்லாம் நூறு பேருடைய கணக்கு. அந்த நூறு பேரில் நான் ஒருத்தி. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று உயிர் வரவில்லை. மொத்தமாக வந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு மூன்று விரல் முடியை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தை பாய்ந்து வந்து முடி எடுப்பவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருய்யா. மூணு விரக்கடைக்குத்தான் பேசி முடிச்சிக்கினு வந்துக்கிறோம். இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு."

"அத்த, வுடுங்க."

"தை பொறந்தா கல்யாணமா வருமேடி. மொட்டத் தலையோட நின்னா எவடி உங்கிட்டத் தல வாரிக்க வருவா? கட நாறிப் போயிடும். யய்யா, நீ எடுக்காத, நாஞ் சொல்றேன்."

"நீங்கதான நேந்துக்கினீங்க?"

"அப்ப பயமா இருந்துச்சு, நேந்துக்கினேன். இப்ப நீதான் நல்லாக்கிறியே."

முடி எடுப்பவர் கத்தியை வைத்துவிட்டு முதலில் குடும்பத்தில் பேசி முடியுங்கள் என்றார். தென்னரசு தன் கணக்கு இப்படிக் குப்பையில் போகிறதே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் வந்து அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

"அவ எடுத்துக்கட்டும்மா. அவ தல."

முடி எடுப்பவர் நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். முடி மடியில் விழ விழக் கழுத்து லேசாகிக்கொண்டே போனது. நாற்பது அங்குலத்தை இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. காற்று உச்சந்தலையில் பட்டதும் கூச்சத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. வெட்டு விழுந்துவிடும், ஆட்டாதே என்று அவர் திட்டினார். அப்படியும் என்னால் நிறுத்த முடியவில்லை. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை, மொத்தத்தையும் அந்தப் பலகையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

எழுந்ததும் அத்தைதான் சந்தனத்தைக் குழைத்து என் தலையில் பூசினார். என்னைவிட அதிகமாக அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு இடம் விடாமல் பூசிவிட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிஜமான கவலையோடு கேட்டார்.

"மொத்தத்தையும் குடுத்துட்டியேடி. அடுத்த வருசம் ஸ்கேனுக்கு இன்னாத்த நேந்துக்கறது?"

"அதுக்குள்ள வளந்துடும் அத்த," என்றேன். "நாந்தான் இருக்கப் போறேன் இல்ல."